தோடிக்கும் சேப்பாக்கத்துக்கும் நடுவே

எங்கள் வீட்டுக் கூடத்தில் சுவாமி அலமாரிக்கு அடுத்தபடி மரியாதை ரேடியோவுக்குத்தான். கும்பகோணத்திலிருந்து ஆடுதுறை போகும் வழியில் உள்ள சின்ன கிராமம் எங்களுடையது. சுவரில் அறைந்த பலகை, அதன்மேல் வால்வு ரேடியோ, பாட்டி பின்னிய நூல் உறை, கொல்லைத் தென்னை வரை ஓடும் ஏரியல் கம்பி. ஆணியில் தொங்கும் மஞ்சள் பைக்குள் தபாலாபீசில் பணம் கட்டிப் புதுப்பிக்கிற லைசன்ஸ் புத்தகம் இருக்கும். ரேடியோ கேட்க அரசாங்கத்துக்கு வருஷா வருஷம் பணம் கட்டினோம் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். 1980களின் நடுவில்தான் அந்த லைசன்ஸ் முறை முற்றாக ஒழிந்தது.

குமிழைத் திருகும் உரிமை தாத்தாவுக்கு மட்டும். திருகியதும் சத்தம் வந்துவிடாது. வால்வு சூடேற வேண்டும். பச்சை விளக்கு மெல்லக் கண்விழிக்கும், உள்ளிருந்து ஒரு முனகல் கேட்கும், பிறகுதான் திருச்சிராப்பள்ளி பேசும். 936 கிலோஹெர்ட்ஸ். அந்த எண் எனக்கு இன்றும் வீட்டுக் கதவு எண்ணைப் போல மறக்கவில்லை.

விடியற்காலை ஆறு மணிக்குச் சற்று முன்பு அந்த மெட்டு வரும். தம்புராவின் சுருதிமேல் வயலின் இழைக்கும் சிவரஞ்சனி. அதை அமைத்தவராகச் சொல்லப்படுபவர் வால்டர் காஃப்மன். ஐரோப்பாவில் ஹிட்லரின் நிழல் படர்ந்தபோது செக் நாட்டிலிருந்து பம்பாய்க்கு வந்து, அங்கே வானொலியில் வேலை பார்த்த யூத இசைஞர். தஞ்சாவூர் ஜில்லாவில் சாணம் தெளிக்கிற நேரத்தில் ஒரு அகதியின் மெட்டு ஒலித்துக்கொண்டிருந்தது என்பதை நாற்பது வயதுக்கு மேல்தான் அறிந்தேன். அறிந்த நாள் முதல் அந்த மெட்டைக் கேட்டால் தொண்டை அடைக்கிறது.

மெட்டுக்குப் பின் மங்கள இசை. நாகஸ்வரம். அப்புறம் பக்திப் பாடல்கள். ஏழே காலுக்கு டெல்லியிலிருந்து செய்தி. சரோஜ் நாராயணஸ்வாமி தம் பெயரைச் சொல்லி முடிக்கும்போது பாட்டி இரண்டாம் காபிக்கு அடுப்பில் பாலை வைப்பார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அந்தக் குரல்தான் கடிகாரம். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் அரைமணிக் கச்சேரி. பிறகு காலை ஒலிபரப்பு முடிந்துவிடும்.

இந்த 'முடிந்துவிடும்' என்பதை இன்று விளக்கவேண்டியிருக்கிறது. நிலையம் மூடிக்கொள்ளும். பகலில் மறுபடி திறக்கும், பிற்பகலில் மூடும், சாயங்காலம் திறந்து இரவு பதினொரு மணிக்கு முடியும். நடுவில் எதுவும் கிடையாது. பெட்டிக்கு உறை போட்டு மூடுவார் தாத்தா. வானொலிக்கும் பசியாறவும் கண்ணயரவும் நேரம் இருந்தது என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன்.

தமிழ்நாட்டில் வானொலி அரசாங்கம் தொடங்கியதல்ல. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் அவரைப் போன்ற ஆர்வலர்களும் சென்னையில் தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப்புதான் முதல். பணமில்லாமல் 1927இல் கிளப் ஓய்ந்தது. அவர்களுடைய கருவி சென்னை மாநகராட்சிக்குப் போய், 1930 முதல் மாநகராட்சி ஒலிபரப்பு நடந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16இலும், திருச்சி நிலையம் 1939 மே 16இலும் தொடங்கின. சென்னை நிலையம் முதலில் எழும்பூர் மார்ஷல் சாலையில் ஒரு பங்களாவில் இருந்தது. கடற்கரைச் சாலைக்கு வந்தது 1950களில்தான். 1947 ஆகஸ்டில் சுதந்திரம் பிறந்த இரவில் டி.கே. பட்டம்மாள் பாரதியைப் பாடினார் என்றால் அது அந்த எழும்பூர்க் கட்டடத்தில். அதே ஆண்டு காந்தியின் பிறந்த நாளுக்காக எம்.எஸ். சுப்புலட்சுமி மீராவின் பஜனையைப் பதிவு செய்து கொடுத்தார். நான்கு மாதம்கூட முடியவில்லை. காந்தி சுடப்பட்ட செய்தியை அடுத்து நாடெங்கும் ஒலித்தது அதே பதிவு.

என் காலம் அதற்கு வெகு பின்னால். நான் 1972இல் பிறந்தவன். எனக்கு வானொலி என்றால் முதலில் கிரிக்கெட்.

1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய டெஸ்டை எங்கள் தலைமுறையில் யாரும் மறக்க மாட்டார்கள். டீன் ஜோன்ஸ் வெயிலில் வாந்தியெடுத்துக்கொண்டே 210 ஓட்டம் எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கடைசி நாள் திங்கட்கிழமை. 348 எடுத்தால் ஜெயம். பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் சித்தப்பாவின் டிரான்சிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தோல் உறை போட்ட, காதோடு ஒட்டிவைத்துக்கொள்ளக்கூடிய பெட்டி. கவாஸ்கர் 90இல் போனார். சாயங்காலம் கடைசி ஓவர். நான்கு ஓட்டம் வேண்டும், ஒரே விக்கெட் மீதி. ரவி சாஸ்திரி இரண்டு எடுத்தார், பிறகு ஒன்று. எண்ணிக்கை சமமாகிவிட்டது. இனி மணீந்தர் சிங் ஒரே ஒரு ஓட்டம் எடுத்தால் போதும். கிரெக் மாத்யூஸ் வீசினார், பந்து காலில் பட்டது, நடுவர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். வர்ணனையாளர் சொல்லி முடிக்கும் முன்பே மைதானத்தின் இரைச்சல் பெட்டிக்குள்ளிருந்து பொங்கி வந்து எல்லாவற்றையும் மூடியது. வென்றோமா தோற்றோமா? திண்ணையில் பன்னிரண்டு பேர். ஒருவருக்கும் விளங்கவில்லை. டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது 'டை' என்று அந்தக் குரல் நிதானமாக விளக்கிய பிறகே மூச்சு விட்டோம்.

ஆனால் நான் சொல்லவந்தது அந்தக் கடைசி ஓவரைப் பற்றியல்ல. அன்று காலையைப் பற்றி.

ஆட்டம் தொடங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நிலையத்தை விட்டு நகர முடியாது. முள் கொஞ்சம் பிசகினாலும் திரும்பப் பிடிக்கத் திணறும் பெட்டி அது. அதனால் அந்த நேரத்துக் கச்சேரியைக் கேட்டே ஆகவேண்டும். யாரோ ஒருவர் ஆலாபனை செய்துகொண்டிருந்தார். என் பொறுமையின்மையில் அந்தக் குரல் வேண்டுமென்றே இழுப்பது போல இருந்தது. காந்தாரத்தில் ஒரு அசைவு. மறுபடி அதே இடம். மறுபடியும். ஒரு கட்டத்தில் பிட்ச், கவாஸ்கர் எல்லாம் நினைவிலிருந்து நழுவி, அந்த அசைவு திரும்ப எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கிவிட்டேன். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் சொன்னார்: ராகம் தோடி. ஆதி தாளம். இயற்றியவர் தியாகராஜ சுவாமிகள். பாடியவர் இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார்.

எனக்குத் தோடி அறிமுகமானது ஒரு பாட்டு வாத்தியாரிடம் அல்ல, சபாவில் அல்ல. சேப்பாக்கத்துக்காகக் காத்திருந்த திண்ணையில்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. எங்கள் தெருவில் சங்கீதத்துக்காக உட்கார்ந்த பாட்டிமார்கள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் பெயர்களைச் சுத்தமாகச் சொன்னார்கள். தாத்தா உட்கார்ந்தது 'வீடும் வயலும்' நிகழ்ச்சிக்காக. அந்த நிகழ்ச்சிக்கு எங்கள் பக்கத்தில் இருந்த செல்வாக்குக்குச் சாட்சி ஒரு நெல். 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஜப்பானிய ரகத்தையும் நம் ரகத்தையும் சேர்த்து உருவாக்கிய ஆடுதுறை 27. குறுவைக்கு ஏற்ற குறுகிய காலப் பயிர். அதன் விதை நேர்த்தியிலிருந்து உரம் இடுவதுவரை திருச்சி வானொலி திரும்பத் திரும்பச் சொன்னது. விவசாயிகள் விதைக் கடையில் போய் ரகத்தின் பெயரைக் கேட்கவில்லை. 'ரேடியோ நெல் இருக்கா?' என்று கேட்டார்கள். பெயரே அதுவாகிவிட்டது. தாத்தாவும் ரேடியோ நெல் போட்டவர். அறிவிப்பாளர் சொன்னபடி செய்தேன், மகசூல் கண்டேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்த நம்பிக்கைதான் அடுத்து வருகிற உரையையும் அவரைக் கேட்க வைத்தது. கம்பனைப் பற்றியோ, கோயில் கல்வெட்டைப் பற்றியோ, கண்புரையைப் பற்றியோ யாராவது பேசுவார்கள். ஐந்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திய தாத்தா, முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சுங்கத்தைப் பற்றி எங்களுக்குச் சொன்னது இப்படித்தான்.

அந்த உரைகளின் பின்னால் உழைப்பு இருந்தது. பேச்சாளர் எழுதிக் கொண்டுவர வேண்டும். நிலையத்தில் படித்துப் பார்ப்பார்கள். பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம். எழுதியதை வாசிக்க வேண்டும், ஆனால் வாசிப்பது போல இருக்கக்கூடாது. தி. ஜானகிராமன், அகிலன், மீ.ப. சோமு என்று தேர்ந்த எழுத்தாளர்கள் வானொலியில் வேலை பார்த்த காலம் அது. 1975ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் அகிலனுக்குக் கிடைத்தபோது அவர் வானொலியில் பணியாற்றிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர்கள் கைபட்ட இடத்தில் வாக்கியம் தானாகவே குறுகிச் செதுக்கப்பட்டுவிடும். பிறகு தென்கச்சி கோ. சுவாமிநாதன் வந்தார். அரியலூர்ப் பக்கத்து மண்வாசனை மாறாத குரல். 'இன்று ஒரு தகவல்' சில நிமிஷம்தான். சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போய்விடுவார், நாம் பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருப்போம். 2009இல் அவர் மறைந்த அன்று எங்கள் ஊர்க் கடைத்தெருவில் அவரை நேரில் பார்த்தே இராத டீக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டார்.

கர்நாடக சங்கீதம் இந்த நிகழ்ச்சி வரிசையில் நடுத்தூண். 1952இல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு. ஒரு வாரம் இந்துஸ்தானி வந்தால் இன்னொரு வாரம் கர்நாடகம். பீம்சேன் ஜோஷியின் பெயர் எங்கள் கிராமத்துக்கு வந்தது அதன் வழியாக. தை மாதத்தில் பகுள பஞ்சமியன்று திருவையாற்றிலிருந்து பஞ்சரத்தின கீர்த்தனைகள் நேரடியாக வரும். நாங்கள் இருந்தது திருவையாற்றுக்கு ஐம்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் அறுவடை நேரத்தில் யார் போக முடியும்? களத்துமேட்டில் டிரான்சிஸ்டரை வைத்துவிட்டு நெல் தூற்றினார்கள். மார்கழிக் காலையில் எம்.எல். வசந்தகுமாரியின் திருப்பாவை. மார்கழி இரவில் சென்னை சங்கீத சபைகளிலிருந்து நேரடிக் கச்சேரி.

இங்கே அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டு மாடியில் வாத்தியார் வந்து சொல்லிக்கொடுக்கப் பாடக் கற்றவர். கல்யாணத்துக்குப் பிறகு மேடையில் பாடுவது புகுந்த வீட்டில் நடக்கிற காரியமில்லை. ஆனால் வானொலியில் பாடலாம் என்றார்கள். யார் கண்ணிலும் படப்போவதில்லையே. குரல் தேர்வுக்குத் திருச்சிக்குப் போனார். பாடுகிறவரை ஓர் அறையில் உட்காரவைத்து, தேர்வு செய்கிறவர்கள் வேறு அறையில் இருந்து குரலை மட்டும் கேட்கிற முறை. யார் வீட்டுப் பெண், எந்த ஊர், நகை போட்டிருக்கிறாளா என்பதெல்லாம் அந்தச் சுவரைத் தாண்டிப் போகாது. அத்தைக்கு 'பி' கிரேடு கிடைத்தது. அதற்கு மேலே 'பி ஹை', 'ஏ', உச்சியில் 'டாப்'. அத்தை கடைசிவரை 'பி'தான். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாக நான் பார்த்ததில்லை.

வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ முறை ஒப்பந்தக் கடிதம் வரும். என்னென்ன உருப்படி என்று முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். அதிகாலைப் பஸ்ஸில் அத்தை, துணைக்கு என் அப்பா, மடியில் தம்புரா. ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் காதை யாரோ பஞ்சு வைத்து அடைத்தது போல இருக்கும் என்பார் அத்தை. சுவரெல்லாம் துளைபோட்ட பலகை. கைதட்டல் இல்லை, தலையாட்டல் இல்லை, எதிரில் ஒரு முகம் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் விரலை உயர்த்துவார், சிவப்பு விளக்கு எரியும், பாட வேண்டும். முதல் சில வருஷங்கள் நேரடி ஒலிபரப்பு. அரைமணிக்குள் வர்ணம், ஒரு சின்ன உருப்படி, ஒரு பெரிய உருப்படி, துக்கடா. ஸ்வரத்தில் மனம் லயித்து நேரத்தைக் கடந்தால் நடுவிலேயே மங்கிப்போகும். அதனால் அத்தை வீட்டில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து சாதகம் செய்வார். மங்களம் பாடி முடித்த பிறகும் அசையக்கூடாது. புடவை சரசரக்கக்கூடாது. சிவப்பு விளக்கு அணையும்வரை மூச்சைக்கூட மெல்ல விடவேண்டும்.

பிறகு ஒலிநாடாவில் முன்கூட்டியே பதிவு செய்யத் தொடங்கினார்கள். அப்போதுதான் அத்தை தம் குரலைத் தாமே வானொலியில் கேட்டார். அந்தக் காலை எனக்கு நினைவிருக்கிறது. "டேய், சத்தம் போடாதே, அத்தை பாடப்போறா" என்று பாட்டி எங்களை அதட்டினார். கூடத்தில் தெருவே கூடியிருந்தது. அத்தை கூடத்துக்கு வரவில்லை. சமையலறைக் கதவின் பின்னால் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேட்டார். வீட்டில் டேப்ரிக்கார்டர் கிடையாது. காற்றில் வந்தது காற்றோடு போயிற்று.

இதையெல்லாம் சொல்லும்போது அந்தக் காலம் குறையற்றது என்று நான் சொல்லவில்லை. வாசல் குறுகலானது. 1952இல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை வானொலியிலிருந்து ஏறக்குறைய விரட்டிவிட்டார். ஜனங்கள் சங்கீதத்துக்குத் திரும்பவில்லை, முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957இல் விவித பாரதி பிறந்ததே அந்தத் தோல்வியை ஒப்புக்கொண்டதால்தான். ஆர்மோனியத்துக்கு 1940 முதல் முப்பது வருஷத்துக்கு மேல் வானொலியில் இடமில்லை. எது உயர்ந்தது, எது கேட்கத் தகுந்தது என்பதைச் சிலர் தீர்மானித்தார்கள். எங்கள் ஊர் நையாண்டி மேளக்காரர்கள் எவ்வளவு வாசித்தாலும், சங்கீதம் என்ற பெயரில் அவர்களுக்கு ஒதுக்கிய நேரம் சொற்பம். எனக்கு அந்த வரிசை செய்த நன்மையை மறக்க முடியாதது போலவே, அந்த வரிசைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களையும் மறக்க முடியவில்லை.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. சென்னையில் 1975 ஆகஸ்டில் தொலைக்காட்சி வந்தது. 1977இல் நாட்டிலேயே முதல் பண்பலை ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியது. அப்போது அதைப் பிடிக்கிற பெட்டி எத்தனை பேரிடம் இருந்தது? 1993இல் தனியார் தமிழ்த் தொலைக்காட்சி, 2003 வாக்கில் சென்னையில் தனியார் பண்பலை. ஒவ்வொன்றும் வந்தபோது வானொலியின் நாளிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. முதலில் போனது சினிமா, அப்புறம் செய்தி, அப்புறம் கிரிக்கெட்.

கிரிக்கெட் போனதில் நாம் இழந்தது ஒன்று உண்டு. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், ராமமூர்த்தி போன்றவர்கள் தமிழில் வர்ணித்த நாட்களைக் கேட்டவர்களுக்கு அது தெரியும். வானொலி வர்ணனையாளருக்கு நம் கண்ணாக இருக்கவேண்டிய கடமை. பந்து வீசுகிறவர் எந்த முனையிலிருந்து ஓடிவருகிறார், கடற்காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, ஸ்லிப்பில் எத்தனை பேர், வாலாஜா சாலைப் பக்கத்து ஸ்டாண்டில் நிழல் எதுவரை வந்திருக்கிறது, எல்லாவற்றையும் பந்துக்கும் பந்துக்கும் நடுவே தமிழில் சொல்லியாக வேண்டும். அதற்குச் சொல் வேண்டும். கிரிக்கெட்டுக்கான தமிழ்ச் சொற்கள் பல அந்த நெருக்கடியில் வாயிலேயே பிறந்தவை. ஜப்பாரின் குரலுக்கு நாடகப் பயிற்சி இருந்தது. பவுண்டரியை அவர் சொல்லும்போது பந்து புல்லில் உருளும் தூரம் அந்த வாக்கியத்தின் நீளத்தில் தெரியும். 2020இல் அவரும் போய்விட்டார்.

இன்று தொலைக்காட்சியில் முழுநேரத் தமிழ் விளையாட்டு அலைவரிசை இருக்கிறது. தமிழ் வர்ணனையோடு ஐபிஎல் பார்க்கிறோம். முன்னாள் ஆட்டக்காரர்கள் பேசுகிறார்கள், பந்தின் சுழற்சியை மெதுவாக ஓட்டிக் காட்டி நுணுக்கத்தை விளக்குகிறார்கள். எங்கள் காலத்தில் கனவிலும் கிடைக்காத அறிவு அது. ஆனால் படம் கண்முன் இருப்பதால் படத்தைச் சொல்லும் வேலை யாருக்கும் இல்லை. கண் தெரியாத என் நண்பர் ஒருவர் சொன்னார்: "இவங்க பேசுறதுல யார் சிரிக்கிறாங்கன்னு தெரியுது. பந்து எங்க போச்சுன்னு தெரியல." அவருக்காகவாவது வானொலி வர்ணனை எல்லா ஆட்டத்துக்கும் வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

சங்கீதத்துக்கோ பொற்காலம் என்றே சொல்லலாம். 2016 ஜனவரி 26 அன்று பெங்களூரிலிருந்து 'ராகம்' என்ற இருபத்து நான்கு மணிநேரச் சாஸ்திரிய இசை அலைவரிசையை அகில இந்திய வானொலி தொடங்கியது. கைப்பேசிச் செயலியில் உலகத்தில் எங்கிருந்தும் கேட்கலாம். நள்ளிரவு இரண்டு மணிக்குப் பெஹாக் வேண்டுமா, இருக்கிறது. நிலையங்களின் பெட்டகத்தில் கிடந்த பழைய ஒலிப்பதிவுகள் பல குறுந்தகடாகவும் இணையத்திலும் வந்துவிட்டன. அரியக்குடியின் ஒரு கச்சேரியை ஐம்பது முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டுப் படிக்கிற மாணவி இன்று நாகர்கோவிலில் இருக்கிறாள், டொரொண்டோவில் இருக்கிறாள். அத்தைக்குக் கிடைக்காத பாக்கியம். உரைகளும் பெருகிவிட்டன. கல்வெட்டைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுகிறவர்கள் யூடியூபில் இருக்கிறார்கள், கேட்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பத்து நிமிஷத்துக்குள் அடக்கவேண்டிய கட்டாயம் இல்லாததால் தளர்ந்துபோன பேச்சுகளும் உண்டு; அந்த விரிவு இல்லாவிட்டால் சொல்லவே முடியாத விஷயங்களைச் சொல்கிற பேச்சுகளும் உண்டு.

எல்லாம் இருக்கிறது. ஆனால் தனித்தனியாக இருக்கிறது. சங்கீதம் கேட்கிறவனுக்கு இன்னும் சங்கீதம், கிரிக்கெட் பார்க்கிறவனுக்கு இன்னும் கிரிக்கெட். என் மகனுக்குக் கைப்பேசி காட்டுவதெல்லாம் அவன் நேற்று விரும்பியதன் தம்பி தங்கைகள். ஆட்டத்துக்காகக் காத்திருக்கும் முக்கால் மணி நேரம் அவனுக்குக் கிடையாது. காத்திருப்பு இல்லாத இடத்தில் தோடி எந்த வழியாக நுழையும் என்று எனக்குத் தெரியவில்லை. அவனிடம் தோடியைக் 'கேளுடா' என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டான், மரியாதைக்கு. சொல்லிக் கேட்பது வேறு, தற்செயலாக மாட்டிக்கொள்வது வேறு.

வால்வு ரேடியோ இப்போது இல்லை. பலகை மட்டும் சுவரில் இருக்கிறது, அதில் வைஃபை பெட்டி மினுக்குகிறது. ஆணியில் தொங்குவது சார்ஜர் ஒயர்.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தோம். அத்தை எண்பதைத் தாண்டிவிட்டார். என் தங்கை மகள் பாட்டு கற்றுக்கொள்கிறாள், பாடுவதைக் கைப்பேசியில் பதிந்து இணையத்தில் போடுகிறாள். பரணைச் சுத்தம் செய்யும்போது அவளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்தது. நாற்பது பக்க நோட்டு, அட்டையில் அரிசி எடைபோட்ட கணக்கு. உள்ளே அத்தையின் கையெழுத்தில் தேதி வாரியாக வானொலிக் கச்சேரிகளின் உருப்படிப் பட்டியல். ஒவ்வொன்றின் எதிரிலும் நிமிஷம். வர்ணம், 4. சாவேரி, 11. ஜாவளி, 3½.

"பாட்டி, இந்த சாவேரியைப் பாடுங்களேன், நான் ரிக்கார்டு பண்றேன்" என்றாள்.

"குரல் எங்கடி இருக்கு" என்றார் அத்தை. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். அவள் கைப்பேசியிலேயே சுருதி வைத்தாள். திரையில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

குரல் நடுங்கியது. மேல் ஸ்தாயியில் இரண்டு இடத்தில் எட்டவில்லை. எட்டாத இடத்தில் அத்தை கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு இறங்கினார். கீழ்ஸ்தாயியில் அந்தப் பழைய குரல் அப்படியே கிடந்தது, நெல் குதிருக்குள் அடிநெல் கிடப்பதுபோல. சரணத்துக்குப் பின் ஒரு ஆவர்த்தனம் ஸ்வரம், பல்லவிக்குத் திரும்பல், முடிப்பு. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிஷம், சில விநாடி குறைய.

தங்கை மகள் "சூப்பர் பாட்டி" என்று சொல்ல வாயெடுத்தாள். அத்தை ஒரு விரலை உயர்த்தி அவளைத் தடுத்தார். முதுகு நிமிர்ந்தபடி, கைகள் மடியில் அசையாமல், கண்கள் அந்தச் சிவப்புப் புள்ளியின்மேல். அது அணைகிறவரை அவர் மூச்சு விடவில்லை.